மில்ஃபோர்ட் பாதை: மழையோடு நடந்த குறிப்புகள்

முதல் நாள்: ஏரிக்கரையிலிருந்து கிளிண்டன் குடில்வரை

நியூசிலாந்தின் தென்தீவில் டே அனாவ் ஏரியின் வடகோடியில் தொடங்கி, மில்ஃபோர்ட் சவுண்டு என்னும் ஃபியோர்டின் (பனியாறு குடைந்த பள்ளத்தாக்கில் கடல் புகுந்த நீர்ப்பரப்பின்) கரையில் முடியும் மில்ஃபோர்ட் பாதையின் நீளம் 53.5 கிலோமீட்டர். கிளிண்டன் ஆற்றை எதிர்த்து அதன் தலைப்புவரை ஏறி, மெக்கின்னன் கணவாயைத் தாண்டி, மறுபக்கம் ஆர்தர் ஆற்றோடு கடல் மட்டத்துக்கு இறங்குவதுதான் மொத்த வழியும். அக்டோபர் இறுதி முதல் ஏப்ரல் இறுதிவரையான பருவத்தில், வழிகாட்டியின்றித் தாமாக நடப்பவர்களில் நாளொன்றுக்கு 40 பேருக்கு மட்டுமே அனுமதி. எல்லோரும் ஒரே திசையில்தான் நடக்க வேண்டும். ஒவ்வோர் இரவும் குறித்த குடிலில்தான் தங்க வேண்டும். கூடாரம் அடிக்கக் கூடாது. மழை பெய்கிறதே என்று ஒரு குடிலில் கூடுதலாக ஒரு நாள் இருந்துவிடவும் முடியாது, ஏனெனில் பின்னால் அடுத்த 40 பேர் வந்துகொண்டிருப்பார்கள். விதிகளைப் படித்தபோது இவ்வளவு கெடுபிடி எதற்கு என்றுதான் தோன்றியது. பாதையில் இறங்கிய அரைமணி நேரத்தில் முன்னும் பின்னும் ஆளே தென்படாமல் போனபோது அதன் பயன் விளங்கியது.

தாமாக நடக்கும் இந்த உரிமைகூடப் போராடிப் பெற்றதுதான். 1960களின் நடுப்பகுதிவரை வழிகாட்டிகளோடு கட்டணப் பயணமாக மட்டுமே இங்கே வர முடிந்தது. ஒட்டாகோ மலைநடைக் கழகத்தினர் 1964இல் அதை எதிர்த்துத் தாங்களாகவே நடந்து காட்டிய பிறகுதான் பொதுமக்களுக்கெனத் தனிக் குடில்கள் வந்தன.

என்னோடு வந்திருப்பவன் என் அக்காள் மகன். டனீடினில் நிலவியல் படிக்கிறான். ஏரியில் படகு ஏறுவதற்கு முன்பே அவன் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். மழை வந்துவிடக்கூடாதே என்ற கவலையாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். "இரண்டாம் நாள் மட்டும் நல்லாக் கொட்டணும், மாமா" என்றான். படகிலிருந்த மற்றவர்களுக்குத் தமிழ் தெரியாதது நல்லதாகப் போயிற்று.

டே அனாவ், தென்தீவின் ஏரிகளில் மிகப் பெரியது. படகு ஏரியின் தலைப்பை அடைய ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலாகிறது. வழியில் சிறு திட்டொன்றின் மேல் ஒரு சிலுவை நிற்கிறது. கணவாய்க்குப் பெயர் தந்த குவின்டின் மெக்கின்னனின் நினைவுச் சின்னம் அது. 1888 அக்டோபரில் எர்னஸ்ட் மிட்செலோடு சேர்ந்து மலைமுகட்டில் வழி கண்டுபிடித்தவர், பின்னர் இந்தப் பாதையின் முதல் வழிகாட்டியாக இருந்தவர், 1892இல் இதே ஏரியில் தனியாகப் படகோட்டிச் சென்றபோது காணாமல் போனார்.

கிளேட் படகுத்துறையில் இறங்கியதும் காலணிகளைக் கிருமிநாசினிக் கரைசலில் முக்கி எடுக்கச் சொல்கிறார்கள். டிடிமோ என்ற நுண்பாசி ஒன்று ஆற்றுப்படுகைகளைப் போர்வையாக மூடிவிடும் தன்மையுடையது. 2004இல், இந்த ஏரியின் நீரைக் கடலுக்குக் கொண்டுசெல்லும் வாயாவ் ஆற்றின் கீழ்ப்பகுதியில்தான் அது நியூசிலாந்தில் முதன்முதலாகக் காணப்பட்டது. ஒரு துளி நீரில் ஒட்டிக்கொண்டாலும் அடுத்த ஆற்றுக்குப் போய்விடும் என்பதால், பாதையின் முதல் காரியமே கால் கழுவுவதாக இருக்கிறது.

இன்றைய நடை ஐந்து கிலோமீட்டர்தான். தொங்குபாலத்தின் வழியாகக் கிளிண்டன் ஆற்றைக் கடந்தால் பிறகு பீச் மரக்காடு. அடிமரம்முதல் கிளைநுனிவரை பாசி மூடியிருப்பதால் காட்டுக்குள் நம் காலடி ஓசை நமக்கே கேட்பதில்லை. ஆற்றின் தெளிவைச் சொன்னால் மிகையாகத் தோன்றும்: ஆளுயர ஆழத்திலும் அடியிலுள்ள கூழாங்கல் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகிறது. பாலத்தடியில் என் முழங்கை நீளத்துக்கும் மேலான நெடுந்துடுப்பு விலாங்கு ஒன்று அசையாமல் கிடந்தது. இந்த விலாங்குகள் பல பத்தாண்டுகள் நன்னீரில் வாழ்ந்து, வாழ்நாளில் ஒரேயொரு முறை முட்டையிடுவதற்காகப் பசிபிக் பெருங்கடலில் வெகுதூரம் நீந்திச் சென்று, அங்கேயே மடிகின்றன. குடிலுக்கு முன்னுள்ள சதுப்பு நிலத்தில் மரப்பலகை நடைபாதை போட்டிருக்கிறார்கள். அங்கே பூச்சியுண்ணும் பனித்துளிச் செடிகள் ஏராளம்.

மாலையில் குடிலைக் கவனித்துக்கொள்ளும் ரேஞ்சர் எல்லோரையும் கூட்டி வைத்துப் பேசினார். தீ விபத்து, கழிப்பறை, எலி இவற்றுக்குப் பிறகு வானிலை அறிக்கை. நள்ளிரவுக்குப் பின் கனமழை தொடங்கி நாளை மாலைவரை நீடிக்கும். அறையெங்கும் ஒரு பெருமூச்சு எழுந்தது. என் மருமகன் மட்டும் தேநீர்க் கோப்பைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டான்.

இரண்டாம் நாள்: கிளிண்டன் பள்ளத்தாக்கில் மின்டாரோ குடில்வரை

தகரக் கூரையில் மழை விழும் சத்தத்தில் விடியுமுன்பே விழித்துவிட்டோம். ஊர் மழைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, இது விட்டுவிட்டுப் பெய்வதில்லை என்பதுதான். டாஸ்மன் கடலின் ஈரத்தைச் சுமந்துவரும் மேலைக்காற்று, கடலோரத்திலிருந்தே செங்குத்தாக எழும் இந்த மலைத்தொடரில் மோதி மேலேறிக் குளிர்ந்து, சுமந்ததையெல்லாம் இங்கேயே இறக்கி வைக்கிறது. மில்ஃபோர்ட் சவுண்டில் ஆண்டுச் சராசரி மழை 6,000 மில்லிமீட்டருக்கும் மேல். தமிழ்நாட்டின் ஆண்டுச் சராசரி 1,000 மில்லிமீட்டரை எட்டுவதில்லை.

முதல் மணி நேரம் காட்டுக்குள்ளேயே நடந்ததால் மழையைக் கேட்டோமே தவிர அதிகம் பார்க்கவில்லை. ஆறு இரண்டாகப் பிரியும் இடத்தைத் தாண்டி மேற்குக் கிளையோடு திரும்பியதும் மரங்கள் விலகி, பள்ளத்தாக்கு முழுதாகத் திறந்தது. அங்கே நின்றதை எப்படி எழுதுவதென்று குடிலில் உட்கார்ந்து வெகுநேரம் யோசித்தேன். இருபுறமும் ஆயிரம் மீட்டருக்குமேல் எழும் கருங்கற்சுவர்கள். அவற்றின் மேல்விளிம்பு முகிலுக்குள் மறைந்திருந்தது. முகிலிலிருந்து நேராக வெள்ளைக் கோடுகள் இறங்கின. எண்ணத் தொடங்கி, ஒரே சுவரில் இருபதைத் தாண்டியதும், முதலில் எண்ணியவற்றுக்கு இடையே புதியவை பிறந்திருந்ததைப் பார்த்து எண்ணுவதைக் கைவிட்டேன். சில அருவிகள் தரையைத் தொடவேயில்லை. பள்ளத்தாக்கில் ஏறிவந்த காற்று அவற்றை நடுவழியில் பிடித்து மேல்நோக்கித் தூக்கிச் சிதறடித்துக்கொண்டிருந்தது.

"நேற்று வெயிலில் வந்திருந்தால் இதில் எத்தனை இருந்திருக்கும்?" என்று கேட்டேன்.

"நாலோ அஞ்சோ இருந்திருக்கும், மாமா. மிச்சமெல்லாம் இன்றைக்குப் பிறந்தது."

அவன் விளக்கியதை என் சொற்களில் தருகிறேன். கடைசிப் பனியுகத்தில் இந்தப் பள்ளத்தாக்கு முழுவதையும் ஒரு பெரும் பனியாறு நிரப்பியிருந்தது. பக்கங்களிலிருந்து சிறிய பனியாறுகள் வந்து அதில் சேர்ந்தன. பெரியது தன் எடையால் தரையை ஆழமாகவும் சுவர்களைச் செங்குத்தாகவும் அரைத்துச் சென்றது. சிறியவற்றுக்கு அந்த வலு இல்லை. பனி உருகி மறைந்தபோது, பக்கத்துப் பள்ளத்தாக்குகளின் வாய்கள் பெரும் பள்ளத்தாக்கின் சுவரில் பல நூறு மீட்டர் உயரத்தில் அந்தரத்தில் தொங்கி நின்றன. அங்கிருந்து வரும் நீருக்கு விழுவதைத் தவிர வேறு வழியில்லை. இது ஒரு காரணம். இன்னொரு காரணம் பாறை. இங்குள்ள கருங்கல்லும் நைஸ் பாறையும் நீரை உறிஞ்சுவதில்லை. மேலே மண் என்று சொல்லிக்கொள்ள இருப்பது பாசியும் இலைமக்கும் கலந்த மெல்லிய படலம். அது ஊறித் ததும்பியதும் அதற்குமேல் விழும் மழை அப்படியே வழிந்துவிடுகிறது. அதனால்தான் மழை வலுத்த சில நிமிடங்களுக்குள் அருவிகள் தோன்றுகின்றன, நின்ற சில மணி நேரங்களில் மறைகின்றன.

இந்த மெல்லிய படலத்தில்தான் இவ்வளவு பெரிய காடும் நிற்கிறது என்பதை நம்புவது கடினம். வேர் ஊன்ற ஆழமில்லாததால் மரங்கள் ஒன்றன் வேரை ஒன்று பற்றிக்கொண்டு நிற்கின்றன. பெருமழையில் மேலே ஒரு மரம் பிடிவிட்டால், அது கீழுள்ளவற்றையும் இழுத்துக்கொண்டு, மலைச்சரிவின் ஒரு பட்டை முழுவதையும் பாறை தெரிய உரித்துவிட்டு இறங்குகிறது. அத்தகைய வழித்த தடங்களைச் சுவர்களில் ஆங்காங்கே காணலாம். முதலில் பாசிகளும் கற்பாசிகளும், பிறகு புதர்கள், அதன் பிறகே பீச் கன்றுகள் என்று காடு மீண்டும் தொற்றி ஏற ஒரு மனித ஆயுள் போதாது. 1982இல் நிகழ்ந்த பெருஞ்சரிவு ஒன்று ஆற்றையே மறித்து ஒரு ஏரியை உண்டாக்கிவிட்டது. மூழ்கி இறந்த மரங்களின் வெளிறிய அடிமரங்கள் நீருக்குமேல் இன்னும் நிற்கின்றன.

ஹிரெரே அருவியைத் தாண்டிய பிறகு பாதையே ஓடையாகிவிட்டது. இதை உவமையாகச் சொல்லவில்லை. பக்கச் சுவர்களிலிருந்து வந்த நீர், பாதைக்காக வெட்டிய பள்ளத்தைத் தனக்கு வசதியான வாய்க்காலாக எடுத்துக்கொண்டு எங்களை எதிர்த்து வந்தது. கணுக்கால் அளவு, பிறகு முழங்கால் அளவு. வெள்ளம் வரும் பகுதிகளில் உயரமான குறிக்கம்பங்கள் நட்டிருக்கிறார்கள். நீருக்கடியில் பாதை மறைந்தாலும் அடுத்த கம்பத்தைப் பார்த்து நடக்கலாம். காலணியை நனைக்காமல் கல்லுக்குக் கல் தாவ முயன்றவர்கள்தான் வழுக்கினார்கள். நனைந்தே தீரும் என்று ஏற்றுக்கொண்டு, பாதத்தை முழுதாகப் பதித்து, ஊன்றுகோலை நீரோட்டத்தின் மேற்பக்கம் ஊன்றி, ஒரு கால் உறுதியான பின்பே மறுகாலை எடுப்பது மெதுவான முறையாயினும் அதுவே சரியானது.

பெரிய ஓடைகளுக்கெல்லாம் பாலம் இருக்கிறது. பாலமில்லாத ஓரிடத்தில், வழக்கமாக வறண்டு கிடக்கும் கற்படுகையொன்றில் பழுப்பு நிறத்தில் நீர் பாய்ந்துகொண்டிருந்தது. அடியில் கற்கள் உருளும் மொத்தென்ற ஓசை கேட்டது. கற்கள் உருளும் ஓசை கேட்டால் இறங்கக் கூடாது என்று ரேஞ்சர் சொல்லியிருந்தார். முன்னால் போன மூவரும் அங்கேயே நின்றிருந்தார்கள். மழை சற்றுத் தணிந்தது. முக்கால் மணி நேரத்தில் நீர் ஒரு சாண் இறங்கி ஓசையும் அடங்கியது. பிறகு ஐவரும் ஒருவர் முதுகுப்பைப் பட்டையை ஒருவர் பிடித்து, வரிசையை நீரோட்டத்துக்கு இணையாக வைத்துக்கொண்டு கடந்தோம். இந்த ஓடைகள் எவ்வளவு வேகமாக ஏறுகின்றனவோ அவ்வளவு வேகமாக இறங்குவதால், காத்திருப்பதே இங்கே பெரும்பாலும் போதுமான உத்தி. எப்போதும் அப்படியில்லை. 2020 பிப்ரவரி தொடக்கத்தில் மூன்று நாட்களுக்குள் இப்பகுதியில் ஏறத்தாழ 1,000 மில்லிமீட்டர் மழை கொட்டியதில் பாதையும் பாலங்களும் பலத்த சேதமடைந்தன. சில வேளைகளில் நடப்பவர்களை வெள்ளப் பகுதிக்கு மேலாக ஹெலிகாப்டரில் தூக்கிச் சென்று அடுத்த பக்கம் இறக்குவதும் உண்டு.

காத்திருந்த அந்த நேரத்தில் ஒரு நல்லது நடந்தது. பாதையிலிருந்து பத்தடி தள்ளி, சுழித்தோடும் நீருக்கு நடுவே ஒரு பாறைமீது சாம்பல் நீல நிற வாத்துகள் இரண்டு நின்றன. ஃபியோ என்று நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் அழைக்கும் நீலவாத்து. பத்து டாலர் நோட்டில் பார்த்த பறவையை அன்றுதான் நேரில் கண்டேன். ஆண் சீட்டியடிக்கிறது, பெண் கரகரக்கிறது. அலகின் நுனியிலுள்ள மென்மையான மடிப்பால் பாறைகளில் ஒட்டியிருக்கும் பூச்சிகளின் இளம்புழுக்களைச் சுரண்டித் தின்னும் இவை, வேகமாக ஓடும் தூய்மையான நீரில் மட்டுமே வாழ்கின்றன. ஆனால் ஐரோப்பியர் கொண்டுவந்துவிட்ட ஸ்டோட் என்ற மரநாய் இனம் கூட்டில் புகுந்து முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்றுவிடுகிறது. பாதையோரம் இடைவிடாமல் தென்படும் மரப்பெட்டிகள் அதற்கான பொறிகள்தாம்.

செயின்ட் குவின்டின் அருவியைக் கடந்து மின்டாரோ குடிலை அடைந்தபோது உடம்பில் உலர்ந்த இடமென்று எதுவுமில்லை. உலர்த்தும் அறையில் நாற்பது பேரின் காலுறைகள் தொங்கும் நாற்றத்தைப் பற்றி எழுதாமல் விடுவதே நாகரிகம். காலணிகளை வெளியில் விட வேண்டாம் என்று அறிவிப்பு இருக்கிறது. கியா என்ற மலைக்கிளி வந்து தோலைக் கிழித்து, கயிற்றை அவிழ்த்து, பிடித்துப்போனால் ஒற்றைக் காலணியைத் தூக்கிக்கொண்டும் போய்விடுமாம். வறுத்த ரவையில் உப்புமா கிண்டிச் சாப்பிட்டோம். பக்கத்து மேசைக்காரர் பையிலிருந்த உலர் உணவுப் பொட்டலத்தில் வெந்நீர் ஊற்றிக்கொண்டே எங்கள் பாத்திரத்தை இருமுறை திரும்பிப் பார்த்தார்.

மூன்றாம் நாள்: கணவாயைத் தாண்டி டம்ப்ளிங் குடில்வரை

காலையில் வானம் வெளுத்திருந்தது. குடிலின் முகப்பில் நின்று நேற்று வந்த பள்ளத்தாக்கைத் திரும்பிப் பார்த்தேன். நேற்று எண்ண முடியாமல் விட்ட சுவரில் ஏழு அருவிகள் இருந்தன. மற்றவற்றின் தடங்கள் பாறையில் ஈரக் கறைகளாக மின்னின.

கணவாய்க்கு ஏறும் பாதை பதினொரு வளைவுகளாக மடிந்து மடிந்து செல்கிறது. முதுகுப்பையோடு ஏறுபவருக்கு இரண்டு மணி நேரம். மரங்கள் குட்டையாகிக் குட்டையாகிக் கடைசியில் நின்றுவிட்டன. அதற்குமேல் புல்வெளியும், தாமரை இலை போல வட்டமாகக் குழிந்த இலைகளில் நேற்றைய மழைநீரைத் தாங்கி நின்ற வெள்ளைப் பூச்செடிகளும். மவுண்ட் குக் லில்லி என்று பெயர் பெற்றிருந்தாலும் தாவரவியல்படி இது லில்லி இனம் அன்று. பட்டர்கப் வகைகளிலேயே மிகப் பெரியது.

மேலே மெக்கின்னன் நினைவாகக் கற்குவியல் ஒன்று எழுப்பியிருக்கிறார்கள். அதற்குப் பக்கத்தில் ஒரு செங்குத்து விளிம்பு. ஒரு கல்லைப் போட்டால் தரை சேர பன்னிரண்டு விநாடி ஆகும் என்று அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். போட்டுப் பார்க்கவில்லை, கீழே பாதை இருக்கிறது. பாதையின் மிக உயர்ந்த இடமான 1,154 மீட்டர் கற்குவியலுக்குச் சற்றுத் தள்ளி வருகிறது. அங்கே நின்றால் வலப்புறம் கிளிண்டன், இடப்புறம் ஆர்தர். ஒரே மழையில் விழுந்த நீர், சில அடி வித்தியாசத்தில், ஒன்று டே அனாவ் ஏரி வழியாகத் தென்கடற்கரைக்கும் மற்றொன்று ஓரிரு நாளில் மில்ஃபோர்ட் சவுண்டுக்கும் போய்ச் சேருகிறது.

இறக்கம் ஏற்றத்தைவிடக் கொடியது. சுமார் 900 மீட்டர், அதுவும் உடைந்த பாறைத் துண்டங்களின் மேல். பாதிக்குக் கீழே ரோரிங் பர்ன் என்ற ஓடை பாதையோடு சேர்ந்துகொள்கிறது. ஆண்டர்சன் தொடரருவிகள் அதில்தான் உள்ளன. ஒரு குளம், ஒரு குதிப்பு, மறுபடி ஒரு குளம் என்று நீர் இறங்கும் அதே தாளத்தில் நீண்ட மரப்படிக்கட்டுகள் அதன் ஓரத்திலேயே இறங்குகின்றன. முழங்கால்கள் வலித்தாலும், நான் இந்தப் பாதையில் எதை மறுபடி பார்க்க வேண்டும் என்று கேட்டால், புகழ்பெற்ற அருவியைச் சொல்லாமல் இந்தப் படிக்கட்டைத்தான் சொல்வேன். ஓடையை எதிர்க்கரையிலிருந்து பார்ப்பது வேறு. ஒவ்வொரு குளத்தின் விளிம்பிலும் கையெட்டும் தூரத்தில் அதனோடு கூடவே இறங்குவது வேறு. குதிப்பின் அடியில் நீர் பாறையைக் குடைந்து பானைக்குழிகளாக்கியிருக்கிறது. அவற்றின் அடியில் குழியைத் தோண்டிய கற்களே உருண்டையாகத் தேய்ந்து கிடக்கின்றன.

குவின்டின் ஓய்விடத்தில் முதுகுப்பைகளை விட்டுவிட்டு, போக வர ஒன்றரை மணி நேரக் கிளைப்பாதையில் சதர்லாந்து அருவிக்குப் போனோம். அருவியைக் காணும் முன்பே காடு நடுங்குவது தெரிகிறது. இலைகளெல்லாம் காற்றில்லாமலே அசைகின்றன. 580 மீட்டர் உயரத்தை மூன்று தாவல்களில் இறங்குகிறது: முதல் தாவல் 248 மீட்டர், இரண்டாவது 229, மூன்றாவது 103. மில்ஃபோர்ட் சவுண்டில் தனியாகக் குடியேறி வாழ்ந்த டொனால்டு சதர்லாந்து, ஜான் மெக்கே என்பவரோடு 1880இல் ஆர்தர் பள்ளத்தாக்கில் வழிதேடி வந்தபோது இதைக் கண்டார். உலகிலேயே மிக உயர்ந்த அருவி என்ற பேச்சு அதன்பின் பல ஆண்டுகள் நடமாடியது. 1888இல் ஒட்டாகோ மாகாணத்தின் தலைமை நில அளவையாளர் ஆடம்ஸ் வந்து அளந்து 1,904 அடி என்று சொன்னதும் அந்தப் பேச்சு அடங்கியது. அளவுகோல் வந்ததும் பெருமை குறைந்துபோன அருவி இது ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். அடியில் நின்று பார்ப்பவருக்கு அந்தக் குறைவு தெரியப்போவதில்லை.

நீர்த்திவலை முகத்தில் அறைந்ததால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பேச்சுக் கேட்காததால் கையைக் காட்டி மருமகனைக் கேட்டேன்: மழை நின்று இவ்வளவு நேரமாகியும் இது ஏன் குறையவில்லை? காட்டுக்குள் திரும்பி வந்த பிறகு சொன்னான். அருவியின் தலைக்குமேல் குவில் ஏரி இருக்கிறது. பனியாறு குடைந்த வட்டக் கிண்ணம். அதற்கு மேலே பனிவயல். மழையையும் உருகும் பனியையும் வாங்கி வைத்துக்கொண்டு, வழிவதை மட்டும் வெளியே விடுகிறது. 1890இல் வில்லியம் குவில் என்ற இளைஞர் அருவியின் பக்கத்துப் பாறைச்சுவரில் ஏறி உச்சிக்குப் போனபோதுதான் அந்த ஏரி இருப்பதே வெளியுலகுக்குத் தெரிந்தது. மறு ஆண்டே அவர் வேறொரு மலையில் விழுந்து இறந்தார்.

நேற்றுச் சுவர்களில் கண்டவை மழையின் அருவிகள்; பின்னால் சேமிப்பு எதுவும் கிடையாது, வந்தது அப்படியே போய்விடும். சதர்லாந்து போன்றவற்றுக்குப் பின்னால் ஏரியோ பனியோ நிற்கிறது. வெயில் நாளில் மட்டும் வருபவர் இரண்டாம் வகையைப் பார்த்துவிட்டு அருவிகளையெல்லாம் பார்த்ததாகத் திரும்புவார். என் மருமகன் முதல்நாள் வானத்தைப் பார்த்த காரணம் இப்போது எனக்கு நியாயமாகவே படுகிறது. டம்ப்ளிங் குடிலில் இன்றிரவு எல்லோரும் நேற்றைய மழையைத்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள், பெருமூச்சு விட்டவர்களும்கூட.

நான்காம் நாள்: ஆர்தர் ஆற்றோடு சாண்ட்ஃபிளை முனைவரை

கடைசி 18 கிலோமீட்டரைப் பிற்பகல் படகுக்குள் முடிக்க வேண்டுமாதலால் விடியலிலேயே கிளம்பினோம். இந்தப் பக்கத்துக் காடு இன்னும் அடர்த்தியானது. பீச்சோடு பெரணி மரங்களும் கொடிகளும் சேர்ந்து பாதையை மூடுகின்றன. தரை மட்டமாக இருந்தாலும் வேர்களும் வழுக்குப் பாறைகளும் வேகத்தைத் தின்றுவிட்டன.

மெக்கே அருவி உயரத்தில் சதர்லாந்தின் பக்கத்தில்கூட வராது. ஆனால் பாசி படர்ந்த பாறைகளுக்கு நடுவே அகலமாக விரிந்து விழும் இதன் வடிவழகு சதர்லாந்துக்கு இல்லை. இதற்கு ஒரு கதையும் உண்டு. 1880இல் இருவரும் முதலில் கண்டது இந்த அருவியைத்தான். யார் பெயர் வைப்பது என்று நாணயம் சுண்டினார்களாம். மெக்கே வென்று இதைத் தனதாக்கிக்கொண்டார். தோற்ற சதர்லாந்துக்கு அடுத்து வந்தது கிடைத்தது. பக்கத்திலேயே மணிப்பாறை என்றொரு பெரும்பாறை. ஆற்றில் கிடந்தபோது நீர் அதன் வயிற்றைக் குடைந்திருக்கிறது, பிறகு எப்போதோ தலைகீழாகப் புரண்டிருக்கிறது. குனிந்து உள்ளே நுழைந்தால் நிமிர்ந்து நிற்கலாம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு உள்ளே இடமிருப்பதே தெரியாது.

ஒரு பெருஞ்சரிவு ஆர்தர் ஆற்றை மறித்ததில் உருவான ஏடா ஏரியின் ஓரம், பாறையைக் குடைந்து வழி செய்திருக்கிறார்கள். எல்லாம் கையுளியும் சம்மட்டியும் வெடிமருந்தும் கொண்டு செய்த வேலை. 1890இல் மில்ஃபோர்ட் முனையிலிருந்து பாதை போடச் சிறைக்கைதிகளைக் கொண்டுவந்தார்கள். மழையும் பூச்சிக்கடியும் சேர்ந்து அந்த முயற்சி சிறிது தூரத்தோடு நின்று, இரண்டாண்டுகளில் அவர்கள் திருப்பியனுப்பப்பட்டார்கள். மழைக்கோட்டும் உலர்த்தும் அறையும் உள்ள எனக்கே அவர்கள் நிலையை நினைத்தால் நடுக்கமாக இருக்கிறது.

ஜயண்ட் கேட் அருவியில் மதிய உணவு. தொங்குபாலத்திலிருந்து பார்த்தால் அருவி நேர் எதிரில் ஆழ்ந்த குளமொன்றில் விழுகிறது. மழை நின்று ஒன்றரை நாள் ஆகியும் குளத்தின் மேற்பரப்பு முழுவதும் கொதித்துக்கொண்டிருந்தது. இதற்கும் மேலே ஓர் ஏரி இருக்கிறது என்று சொன்னான், நான் கேட்காமலே.

சாண்ட்ஃபிளை முனை தன் பெயருக்கு உண்மையாக நடந்துகொள்கிறது. மணல் ஈ உருவில் கடுகளவுதான். கடிப்பவை பெண் ஈக்கள் மட்டும். முட்டை வளர அவற்றுக்குக் குருதி வேண்டும். நடந்துகொண்டிருந்தால் விட்டுவிடும், நின்றால் மொய்த்துவிடும். மாவோரி மரபில், தூ தே ராக்கிஃபானோவா என்ற தெய்வம் தன் வாய்ச்சியால் மலைகளைச் செதுக்கி ஃபியோர்டுகளை உண்டாக்கியபோது, இவ்வளவு அழகிய இடத்தில் மனிதர் தங்கிவிடுவார்களே என்று எண்ணிய மரணதேவி ஹினே நூயி தே போ இந்த ஈக்களை அவிழ்த்துவிட்டாளாம். படகுக்குக் காத்திருந்தவர்கள் அத்தனை பேரும் ஓய்வறையின் வலைக்கதவுக்குள் ஒடுங்கியிருந்ததைப் பார்க்கையில் தேவியின் திட்டம் நன்றாகவே நடப்பது தெரிந்தது.

சிறிய படகு எங்களை மில்ஃபோர்ட் குடியிருப்பில் இறக்கியது. கரையோரமாக நடந்து போனால் போவன் அருவி தெரிகிறது. 162 மீட்டர் உயரத்திலிருந்து, இதுவும் ஒரு தொங்கு பள்ளத்தாக்கின் வாயிலிருந்துதான், கடல்நீரில் விழுகிறது. கூட்டம் கூட்டமாகச் சுற்றுலாப் பேருந்துகளில் வந்தவர்கள் அதன் முன் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இந்தச் சிறு குடியிருப்புக்கு மின்சாரமும் குடிநீரும் அந்த ஆற்றிலிருந்தே வருகின்றன. விடுதி அறைக்கு வந்ததும் மருமகன் செய்த முதல் வேலை, நாட்கணக்கில் செத்துக் கிடந்த கைபேசியை மின்னேற்றப் போட்டதுதான். நான் குழாயைத் திறந்து காலுறைகளைத் துவைக்க உட்கார்ந்தேன்.